ராயபுரத்தில் ஏறினால் வாலாஜா ரோடு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லீவுக்குப் பிள்ளைகளைச் சென்னைக்குக் கூட்டிப் போகிறேன். பீச், மால் தவிர வெள்ளைக்காரர் காலத்துக் கட்டடம் ஒன்றாவது காட்ட ஆசை. எங்கே ஆரம்பிக்கலாம்?
- வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: உங்களுக்கு ராயபுரம் ஸ்டேஷன்தான், யோசிக்கவே வேண்டாம். தென்னிந்தியாவில் பயணிகளை ஏற்றிய முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று அங்கே கிளம்பி வந்து சேர்ந்தது உங்கள் வாலாஜா ரோட்டுக்கு. பம்பாய்-தாணா ரயில் இதற்கு மூன்று வருடம் முந்தியது, ஆனால் அந்த முதல் ஸ்டேஷன் கட்டடங்கள் இன்று இல்லை. ராயபுரத்தில் அந்த உயரமான தூண்கள் அப்படியே நிற்கின்றன.

அப்போது சென்னையில் துறைமுகமே கிடையாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கப்பல் தள்ளி ஆழத்தில் நிற்கும், ஆளும் சரக்கும் மசூலா படகில்தான் கரைக்கு வர வேண்டும். அந்தப் படகில் ஒரு ஆணி இருக்காது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள்; அலை அடித்தால் பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும், உடையாது. 1870-களில் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கி, 1881 புயலில் அது சிதைந்து, மறுபடி கட்டினார்கள். சென்ட்ரலில் இறங்கி பீச் ஸ்டேஷன் போய்விட்டால் மின்சார ரயிலில் அடுத்த ஸ்டாப் ராயபுரம்.

கேள்வி: சேப்பாக்கம் அரண்மனை நம் ஆற்காடு நவாப் கட்டியதாமே? ஊரை விட்டு ஏன் அங்கே போனார்?
- வாசகர், ஆற்காடு

பதில்: அவர் கட்டியதுதான். உங்கள் பக்கத்து ஊருக்குப் பெயர் தந்த முகமது அலி வாலாஜா, 1768-ல். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை நம்பித்தான் அவர் ஆட்சியே நடந்தது, அதனால் புனித ஜார்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் இருப்பதே பாதுகாப்பு என்று நினைத்தார். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கான செலவும், கம்பெனி ஆட்களிடமே வாங்கிய கடனும் வட்டியும் சேர்ந்து கழுத்தை நெரித்துவிட்டன. 1801-ல் நம் ஆற்காடு சீமையின் நிர்வாகமே கம்பெனி கைக்குப் போனது. 1855-ல் கடைசி நவாப் வாரிசு இல்லாமல் இறக்க, அரண்மனையும் போனது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப் போகிறது.

அந்த அரண்மனையின் ஒரு பகுதி, அரசு அலுவலகமாக இருந்த கலச மஹால், 2012 ஜனவரியில் தீப்பிடித்தது, தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரையே விட்டார். இடித்துவிடாமல் பழுது பார்த்தார்கள். நம் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரைத் தொட்டால் சில்லென்று வழவழப்பாக இருக்குமே, அந்தச் சுண்ணாம்புக் காரை வேலைதான் அங்கேயும். தயவுசெய்து உங்கள் வீட்டில் அப்படி ஒரு சுவர் இருந்தால் அதன் மேல் சிமென்ட் பூசாதீர்கள், உள்ளே ஈரம் தங்கிச் சுவர் பொரிந்துவிடும்.

கேள்வி: “அவன் சரியான எம்டன்” என்று பாட்டி சொல்வார். எம்டன் யார்?
- வாசகர், காட்பாடி

பதில்: ஆள் இல்லை, ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவில் வந்து சென்னை மேல் குண்டு வீசியது, துறைமுகத்தை ஒட்டிய பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. பயந்து ஊரைக் காலி செய்தவர்கள் ஏராளம். அப்புறம் துணிச்சல்காரன், கெட்டிக்காரன் எல்லோரும் தமிழில் எம்டன் ஆகிவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் சுற்றுச்சுவரில் இதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. கடற்கரைப் பக்கத்துச் சுவரை ஒட்டி நடந்தால் கண்ணில் படும்.