சமையல் வேலைக்குப் பயந்து கூத்து முகாமைத் தவறவிடாதீர்கள்

அக்கா, பரதம் பயின்ற மகளை மட்டக்களப்பில் ஊரார் கூடி நடத்தும் விடுமுறைக் கூத்து முகாமுக்கு அனுப்பலாமா, வருபவர்களே முறைவைத்துச் சமைக்க வேண்டுமாமே என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக அனுப்புங்கள். கூலிக்கு ஆள் வைக்காததால்தான் கட்டணம் குறைவு. தேங்காய் திருவிக்கொண்டே நான் மனப்பாடம் செய்த தாளக்கட்டு, அதாவது ஆட்டத்துக்கான தாளச் சொற்கள், இன்றும் மறக்கவில்லை.

உண்மையான சிரமம் வேறு. கூத்தின் இரு வகைகளான வடமோடியும் தென்மோடியும் வட்டக்களரி என்ற வட்டமான ஆடுகளத்தில் ஆடப்படுபவை. சுற்றிவரச் சனம் இருக்கும். ஒரு பக்கம் பார்த்தே ஆடிப் பழகியவளுக்கு முதலில் திசை தடுமாறும். மத்தளம் அடிக்கும் அண்ணாவியாரை, அதாவது கூத்துப் பழக்கும் ஆசிரியரை, கவனித்தால் போதும். ஆடிக்கொண்டே பாடவும் வேண்டும். ஓகஸ்டில் கச்சான் என்ற வறண்ட காற்று தொண்டையை வறட்டிவிடும். தண்ணீர்ப் போத்தலை மறக்காதீர்கள். சதங்கை இப்போது வாங்க வேண்டாம். ஆட்டம் பழகிய பிறகுதான் அதைக் கட்டுவார்கள்.