ஒரே பக்கம் தள்ளியும் எலக்ட்ரான் ஏன் திரும்புகிறது?

கேள்வி: எம்.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறேன். குறைகடத்தி சூப்பர்லாட்டிஸில் (இரு பொருள்களை மெல்லிய படலங்களாக மாறிமாறி அடுக்கிய செயற்கைப் படிகத்தில்) மாறாத மின்னழுத்தம் கொடுத்தாலே எலக்ட்ரான்கள் முன்னும் பின்னும் அலைவுறும் என்று பாடத்தில் வருகிறது. ஒரே பக்கமாகத் தள்ளினால் ஒரே பக்கமாகத்தானே ஓட வேண்டும்? அப்படியே அலைந்தாலும் அதற்குச் சாதாரணப் படிகமே போதாதா?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: எலக்ட்ரான் வெறும் துகளாக மட்டும் இருந்திருந்தால் உங்கள் ஐயம் முற்றிலும் சரி. அது அலையாகவும் இருக்கிறது. மின்புலம் அதை முடுக்க முடுக்க அதன் அலைநீளம் குறுகிக்கொண்டே வருகிறது. படிக அடுக்குகளின் இடைவெளியைப் போல் இருமடங்கு என்ற அளவுக்கு அது இறங்கும்போது, ஒவ்வோர் அடுக்கும் திருப்பியனுப்பும் சிற்றலைகள் ஒன்றுகூடி எலக்ட்ரானையே திருப்பிவிடுகின்றன. திரும்பிய எலக்ட்ரான் புலத்தை எதிர்த்து ஓடி, வேகமிழந்து நின்று, மறுபடியும் முன்னே வருகிறது. பெலிக்ஸ் பிளாக் 1928-இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் வகுத்த கொள்கையிலிருந்து இது பெறப்படுவதால் பிளாக் அலைவு என்கிறோம்.

சாதாரணப் படிகம் போதாது என்பதற்கு விடை உங்கள் ஊருக்கு அடுத்தே இருக்கிறது. பத்தமடைப் பாய் ஒன்றைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். கோரை இழையின் பருமன் ஒரு கணக்கு. சிவப்பும் பச்சையுமாக வண்ணப்பட்டைகள் மாறிமாறி வரும் இடைவெளி வேறொரு கணக்கு, அதைத் தீர்மானிப்பது நெய்பவரின் கை. அவ்வாறே, காலியம் ஆர்சனைடு என்னும் குறைகடத்தியில் இயற்கை தந்த அணிக்கோவை இடைவெளி, அதாவது அணுக்களின் அமைப்பு திரும்ப வரும் தூரம், 0.565 நானோமீட்டர். அதையும் அலுமினியம் காலியம் ஆர்சனைடையும் மாறிமாறிப் படலமாக வளர்த்தால் 10 நானோமீட்டருக்கு ஒருமுறை திரும்ப வரும் செயற்கை இடைவெளியை நாமே அமைக்கலாம். 1970-இல் ஐபிஎம் நிறுவனத்திலிருந்த லியோ எசாக்கியும் ராபேல் சூவும் முன்வைத்த யோசனை இதுதான்.

இடைவெளி பெருகினால் என்ன ஆதாயம்? பிளாக் அலைவின் அதிர்வெண், எலக்ட்ரானின் மின்னூட்டம், மின்புலம், இடைவெளி ஆகிய மூன்றின் பெருக்கலைப் பிளாங்க் மாறிலியால் வகுத்தால் கிடைக்கும். அப்படி 100 அடுக்கு இணைகளைக் கொண்ட சூப்பர்லாட்டிஸின் தடிமன் 1 மைக்ரோமீட்டர். அதற்குக் குறுக்கே 1 வோல்ட் கொடுத்தால் அதிர்வெண் 2.4 டெராஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2.4 லட்சம் கோடி அலைவுகள். ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 0.4 பிக்கோநொடிதான் ஆகும். அதே புலத்தில் சாதாரணப் படிகத்தில் ஏறக்குறைய 18 மடங்கு நேரம் பிடிக்கும். அதற்குள் படிக அதிர்வுகளோடும் மாசு அணுக்களோடும் பலமுறை மோதி எலக்ட்ரான் தடம் மாறிவிடும். அதனால்தான் கருத்து பிறந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, 1990-களின் தொடக்கத்தில், சூப்பர்லாட்டிஸில்தான் இவ்வலைவை நேரில் காண முடிந்தது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். மோதலே இல்லாவிட்டால் எலக்ட்ரான் நின்ற இடத்திலேயே அலைந்துகொண்டிருக்குமே தவிர மின்னோட்டம் இராது. மோதலுக்கும் அலைவுக்கும் நடக்கும் போட்டியில், புலம் ஓர் எல்லையைத் தாண்டியதும் மின்னோட்டம் குறையத் தொடங்குகிறது. எசாக்கியும் சூவும் கணித்துச் சொன்ன இந்த முடிவை நான் மாணவனாக முதன்முறை படித்தபோது அடைந்த வியப்பு இன்றும் குறையவில்லை.

கேள்வி: இந்தப் பிளாக் அலைவை வைத்து டெராஹெர்ட்ஸ் அலையியற்றி (அலைகளை உண்டாக்கும் கருவி) செய்யலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: அந்தக் குறையும் மின்னோட்டமே இடையூறாகவும் நிற்கிறது. புலம் கூடக்கூட ஓட்டம் தளர்வதால் எலக்ட்ரான்கள் ஆங்காங்கே தேங்குகின்றன. சீராக இருந்த புலம் வலுவான பகுதி, வலுவற்ற பகுதி என்று பிரிந்துவிடுகிறது. எல்லா அடுக்குகளும் ஒரே அதிர்வெண்ணில் அலைவுறும் நிலை கெடுகிறது. ஆயினும் இப்பகுதிகள் சூப்பர்லாட்டிஸினூடே நகர்ந்துசெல்லும்போது மின்னோட்டம் ஏறி இறங்குவதைப் பயன்படுத்தி, 100 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய அலைவுகளை ஆய்வகங்களில் பெற்றிருக்கிறார்கள். டெராஹெர்ட்ஸ் ஒளிக்கு இப்போது கைகொடுப்பது, இதே படலம் வளர்க்கும் கலையில் 1994-இல் பெல் ஆய்வகத்தில் உருவாகி, 2002-இல் டெராஹெர்ட்ஸ் வரை எட்டிய குவாண்டம் கேஸ்கேட் லேசர்.