மைக் பிடிக்கிற ஆக்களுக்கும் குடுக்கிறவையோ?

அன்புள்ள அண்ணா,

எனக்குச் சொந்த ஊர் முள்ளியவளை. கொழும்பில் தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களுக்கு ஒலிப்பதிவு செய்கிறேன். விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது, அமெரிக்காவில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குக் கொடுக்கிற எமி விருது விழாவைப் பற்றிய செய்தி போனது. "மைக் பிடிக்கிற ஆக்களுக்கும் உது குடுக்கிறவையோ?" என்று அப்பா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. குடுத்தாலும் எங்களுக்கு என்ன? எங்கேயோ நடக்கிற பெரிய ஆட்களின் விழாதானே?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அப்பாவுக்குச் சொல்லுங்கள்: ஓம், குடுக்கிறவை. ஒலிக்கலவைக்கு வேறு, ஒலித்தொகுப்புக்கு வேறு என்று தனித்தனியாகவே உண்டு. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒப்பனை என்று அந்தப் பட்டியல் நீளம். இவற்றில் பெரும்பாலானவற்றைப் பெரிய விழாவுக்கு முன்பே வேறு நாட்களில் கொடுத்து முடித்துவிடுவார்கள். அதனால்தான் செய்தியில் அப்பாவின் கண்ணில் படவில்லை.

எமி என்ற பெயரே உங்களைப் போன்றவர்களின் பக்கத்தில் இருந்து வந்ததுதான். அந்தக் காலத்துத் தொலைக்காட்சிக் கமராவுக்குள் படத்தைப் பிடிக்கிற இமேஜ் ஆர்த்திக்கன் என்றொரு குழாய் இருந்தது. தொழிலில் இருந்தவர்கள் அதைச் செல்லமாக 'இம்மி' என்பார்கள். விருதுச் சிலை பெண்ணுருவம் என்பதால் இம்மி பிறகு எமி ஆகிவிட்டது. வீட்டில் இருந்து பார்க்கிற எவருக்கும் தெரியாத ஒரு குழாய்! இம்மியளவு என்று நாங்கள் எதைச் சொல்கிறோம் என்று நினைத்துப் பார்த்தேன். மனம் நிறைந்துவிட்டது.

எங்கேயோ நடக்கிற விழா என்கிறீர்கள். சரி. ஆனால் 1949 ஜனவரி 25ஆம் திகதி முதல் விழா நடந்தபோது லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டார நிகழ்ச்சிகளை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் ஆறே விருதுகள். ஒன்று, பொம்மையைப் பேசவைத்த ஷர்லி டின்ஸ்டேல் என்ற இளம்பெண்ணுக்கு. இன்னொன்று தொழில்நுட்ப வேலைக்கு. ஓர் ஊர் தன் ஆட்களைக் கூப்பிட்டுக் கௌரவித்ததுதான் அதன் தொடக்கம்.

எங்களுக்கு என்ன என்று கேட்டீர்களே, நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கிளிநொச்சிக்குப் பக்கத்தில் ஒரு நாடகப் படப்பிடிப்பு. ஓர் அம்மா முற்றத்தில் அரிசி புடைக்கிற காட்சி. வசனம் தொடங்கினால் ஒழுங்கையால் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வரும். அது போனால் மயில் அகவும். ஒலிப்பதிவுத் தம்பி ஒவ்வொரு தடவையும் கையை உயர்த்தி நிறுத்தினான். எல்லோருக்கும் எரிச்சல். மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு அவன் அந்த அம்மாவை மறித்து, இன்னும் ஒருக்காப் புடையுங்கோ அம்மா என்று கேட்டான். சுளகுக்குக் கிட்ட, ஒரு சாண் தூரத்தில் மைக்கைப் பிடித்தபடி குந்தியிருந்தான். அரிசி எழும்பி விழுகிற சத்தம், நடுவில் அந்த அம்மா உமியை ஊதுகிற மூச்சு, இரண்டும் அதில் இருந்தன. ஒளிபரப்பானபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். என் ஆச்சியின் குசினி அப்படியே வந்தது.

கடைசியில் பெயர்கள் ஓடத் தொடங்கின. பாதியில் விளம்பரம் வந்துவிட்டது. அவன் பெயர் வரவில்லை. பிறகு அந்த நாடகத்துக்கு ஒரு பாராட்டு விழாவும் நடந்தது. நடித்தவர்களுக்கும் இயக்குநருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் பின்வரிசைக் கதிரையில் இருந்து கை தட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. மேடைக்குக் கூப்பிட்டு ஒலிப்பதிவு இன்னார் என்று சொல்லியிருந்தால், அந்த மண்டபத்தில் இருந்த நூறு பேராவது அடுத்த நாடகத்தில் சத்தத்தைக் கவனித்துக் கேட்டிருப்பார்கள். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று, இப்படியும் ஒரு தொழில் இருக்கிறதா என்று வீட்டில் போய்க் கேட்டிருக்கும்.

உங்கள் நாடகத்தின் பெயரையும் அது போகிற நேரத்தையும் எழுதி அனுப்புங்கள். ஒலி, ஒளி, படத்தொகுப்பு, ஒப்பனை என்று வேலை செய்தவர்கள் எல்லோருடைய பெயரும் வேண்டும். இந்தத் தளத்தில் முழுப் பட்டியலையும் போடுகிறேன். அப்பாவுக்கு அதைக் காட்டுங்கள்.

அன்புடன்,
அண்ணா