பெயர் தெரியாத செடியை எப்படிப் பதிவது?

வாசகர் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் சில்வர்க்ளென் காப்புக்காட்டில் செடி, பூச்சி, பறவை என்று கண்ணில் பட்டதையெல்லாம் படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத்தளத்தில் பதிந்து வருவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். இந்தத் துறையில் நான் படித்துப் பட்டம் வாங்கவில்லை. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்படியும் என்னை நம்பி இத்தனை பேர் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். சில கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். மற்றவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.

செடியின் பெயரே தெரியாதபோது எதைப் பதிவது? தப்பாகப் போட்டுவிட்டால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத் தொந்தரவுதானே அக்கா?
— பீனிக்ஸ் வாசகி

வந்த கடிதங்களில் பாதி இதைத்தான் கேட்கின்றன. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வார்டில் ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளியின் காய்ச்சலைப் பார்த்து சார்ட்டில் எழுதுவோம். அது மலேரியாவா, டைஃபாய்டா என்பதைக் காலையில் டாக்டர் சொல்வார். முதலில் ஒன்று சொல்லி, ரத்தப் பரிசோதனை வந்த பிறகு மாற்றியும் சொல்வார். ஆனால் இரண்டு மணிக்கு இருந்த காய்ச்சலை நான் எழுதாமல் விட்டால் காலையில் யாராலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது. இயற்கைப் பதிவும் எனக்கு அப்படித்தான். பெயர் என்பது டாக்டர் சொல்லும் நோயின் பெயர் மாதிரி, பிறகு வரலாம், மாறலாம். தேதியும் இடமும் படமும்தான் நம் வேலை.

ஐநேச்சுரலிஸ்டில் பெயர் தெரியாவிட்டால் 'செடி' என்று மட்டும் போட்டுப் பதியலாம். 'பூச்சி', 'சிலந்தி' என்று போட்டாலும் போதும். அங்கே சிலந்தியை மட்டும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், புல்லை மட்டும் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். நான் 'சிலந்தி' என்று போட்டு வைத்த ஒன்றுக்கு இரண்டு வருஷம் கழித்து ஒருவர் வந்து பெயர் சொன்னார்.

தேதியில் நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். க்ளென்வுட்டில் பிஜன் வேலி என்று ஒரு சின்னக் காட்டுத் துண்டு இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் ஸ்பாட்டட் கிரவுண்ட் த்ரஷ் என்ற பறவை வரும். பூங்குருவி இனம். வெள்ளை மார்பு முழுக்க மை தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். ஈஸ்டர்ன் கேப் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு நம் கரையோரம் வந்து தங்கும், எண்ணிக்கையில் குறைந்துவிட்ட பறவை. இங்கே குளிர்காலமான ஜூன் மாதத்தில் ஒரு நாள், சருகைப் புரட்டிப் புரட்டிப் புழு தேடிக்கொண்டிருந்ததை அருமையாகப் படம் எடுத்தேன். பழைய கேமரா அது. பேட்டரி மாற்றியபோது அதன் கடிகாரம் ஜனவரி 1-க்குப் போய்விட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. அப்படியே பதிவேற்றிவிட்டேன். ஒரு வாரத்தில் ஒருவர் கேட்டார்: "ஜனவரியில் டர்பனில் இந்தப் பறவையா? நிச்சயமாகத் தெரியுமா?" பறவையின் பெயர் சரி. தேதி தவறு. அந்த ஒரு தேதியால், கோடையிலும் அது இங்கே தங்குகிறது என்று ஒரு பொய்ச் செய்தி உலகத் தரவுக் களஞ்சியத்துக்கே போயிருக்கும். அந்த கேமராவில் எடுத்த இரண்டு மாதப் படங்களையும் நாட்குறிப்போடு ஒப்பிட்டுத் திருத்தினேன். எந்த நாள் என்று உறுதியாகத் தெரியாதவற்றை அழித்தேன். அழிக்கும்போது மனசு வலித்தது.

ஆகவே தங்கச்சி, பெயருக்குப் பயப்படாதீர்கள். கேமராவின் கடிகாரத்தைப் பாருங்கள்.

படம் போட்டவுடன் போனே பெயர் சொல்கிறது. அதை நம்பலாமா?
— கல்லூரி மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பாதி நம்பலாம் தம்பி. ஏற்கெனவே நிறையப் படங்கள் இருக்கும் இனங்களைத்தான் அதற்கு நன்றாகத் தெரியும். ஒரே சாயலில் ஐந்து இனங்கள் இருந்தால், அதிகம் படம் எடுக்கப்பட்ட ஒன்றையே முதலில் காட்டும் பழக்கம் அதற்கு உண்டு. அது சொல்லும் பெயரை உங்களால் படத்தில் காட்டி நிரூபிக்க முடியாவிட்டால் இனத்தின் பெயரை விட்டுவிட்டு, அதற்கு மேலான தொகுதிகளான பேரினத்தோடு, குடும்பத்தோடு நில்லுங்கள்.

இன்னொன்று. யாராவது வந்து உங்கள் பதிவுக்குப் பெயர் சொன்னால், மரியாதைக்காக 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். நம் ஆட்கள் எல்லாரும் செய்வது இது, பெரியவர் சொன்னால் சரி என்று தலையாட்டுவது. நீங்கள் அழுத்துவது ஒரு வாக்கு. குறைந்தது இரண்டு பேர் சொல்லி, சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அந்தப் பதிவு 'ஆராய்ச்சித் தரம்' ஆகிவிடும். அதன் பிறகு மற்றவர்கள் அதைத் திரும்பிப் பார்ப்பது குறைவு. சொன்னவரும் அவசரத்தில் தவறியிருந்தால் அந்தத் தவறு அங்கேயே உட்கார்ந்துவிடும். நன்றியைக் கீழே எழுத்தில் சொல்லுங்கள், 'எதை வைத்துச் சொல்கிறீர்கள்?' என்றும் கேளுங்கள். நான் கற்றதெல்லாம் இப்படிக் கேட்டுத்தான்.

அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்கிறோம். வருகிற காக்கையையும் பதியலாமா? அது சாதாரணப் பறவைதானே?
— வெருலம் வாசகி

பதியுங்கள் அம்மா. சாதாரணமானதைத்தான் யாரும் பதிவதில்லை.

முதலில் எந்தக் காக்கை வருகிறது என்று பாருங்கள். கழுத்தைச் சுற்றியும் மார்பிலும் பளீரென்று வெள்ளை இருந்தால் அது பைட் க்ரோ, இந்த மண்ணின் காக்கை. கழுத்து சாம்பல் நிறமாக, உடம்பு ஒல்லியாக இருந்தால் அது இந்தியாவில் நம் முன்னோர் சோறு வைத்த அதே வீட்டுக் காக்கை. அது கப்பல்களில் தொற்றிப் பரவியது. டர்பனில் 1970-களில் முதலில் கண்டார்கள். இன்று இந்த நாட்டின் ஆக்கிரமிப்பு அயல் இனப் பட்டியலில் இருக்கிறது, ஏனென்றால் மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தூக்கிக்கொண்டு போகிறது. மைனாவுக்கும் இதே கதை. 1902-வாக்கில் டர்பனில் கூண்டிலிருந்து தப்பியவற்றின் வாரிசுகள்தான் இன்று நாட்டின் பல பகுதிகளிலும் திரிகின்றன.

சாம்பல் கழுத்துக் காக்கை எந்தத் தெருவில், எத்தனை, எந்த மாதம் என்ற பதிவு, அதைக் கட்டுப்படுத்த வேண்டியவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். புரட்டாசியில் மகாளய அமாவாசைக்கு நானும் சோறு வைக்கிறேன், என் அம்மாவுக்காக. ஒரு கைப்பிடி வைத்து, பக்கத்திலேயே நின்று, தின்று முடித்ததும் இலையை எடுத்துவிடுவேன். மீதியை விட்டுவைத்தால் கூட்டம் சேரும்.

எங்கள் வீட்டுப் பின்னால் நாவல் மரம் இருக்கிறது. ஜூலு நண்பர் அதை உம்டோனி என்கிறார். இரண்டும் ஒன்றா? வீட்டு மரத்தைப் பதியலாமா?
— ஷால்க்ராஸ் வாசகர்

இந்தக் கடிதம் வந்த நாள் எனக்கு நல்ல நாள். என் ஆயாவும் இரண்டையும் நாவல் என்றுதான் சொல்வார். ஓடைக்கரையில் பழம் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்து, நாக்கு ஊதாவாகும்வரை தின்ன விடுவார். பழத்தைப் பார்த்து ஆயா சொன்னது தப்பில்லை, இரண்டும் ஒரே பேரினம், சிசிஜியம். ஆனால் இரண்டு மரம்.

இலையைக் கிளையோடு பிடித்துப் பாருங்கள். நம் ஊர் (இந்திய) நாவலின் இலைக்கு ஒரு காம்பு இருக்கும், விரல் நகத்து நீளமோ அதற்கு மேலோ. இலை நீண்டு நுனியில் கூராகும். கசக்கினால் டர்பன்டைன் வாடை லேசாக அடிக்கும். உம்டோனியில் காம்பு இருக்காது, இருந்தாலும் இல்லாத மாதிரிதான். இலையின் அடி இதய வடிவில் வளைந்து கிளையை அணைத்தபடி உட்கார்ந்திருக்கும். இலை தடித்து, நீலம் கலந்த பச்சையில், கிளை நுனிகளில் கொத்தாக இருக்கும். தளிர் சிவப்பு. ஓடையோரம், சதுப்பு நிலம், தண்ணீர் நிற்கும் இடம் அதற்குப் பிடித்தவை.

இதனால்தான் மரத்தைப் படம் எடுக்கும்போது முழு மரத்தை மட்டும் எடுத்துவிட்டு வராதீர்கள் என்று சொல்கிறேன். தூரத்தில் இரண்டும் ஒரே பச்சைக் குடை. நான் ஐந்து படம் எடுப்பேன்: முழு மரம், பட்டை, இலையின் முன்புறம், பின்புறம், பிறகு இலை கிளையோடு சேரும் இடம். கடைசிப் படத்தில் பின்னால் என் விரலை வைப்பேன், அளவு தெரிவதற்காக, கேமரா பின்னால் இருக்கும் செடிகளைக் கூர்மையாக்கிவிடாமல் இருப்பதற்காகவும். பூவும் காயும் கிடைத்தால் இன்னும் நல்லது.

வீட்டு மரத்தைப் பதியலாம், ஆனால் 'நட்டு வளர்த்தது' என்று குறிக்க வேண்டும். இதை மறைத்தால் அது தானாக முளைத்ததாகக் கணக்கில் போய்விடும். அதைவிட முக்கியமானது உங்கள் வேலிக்கு வெளியே. புல்புல்லும் குரங்கும் பழம் தின்று கொட்டையைக் கொண்டுபோய்ப் போடுகின்றன. நம் ஊர் நாவலும் குவாசுலு-நட்டாலில் ஆக்கிரமிப்புப் பட்டியலில் இருக்கிற மரம். ஓடைப் பக்கம் போய், தானாக முளைத்த கன்று இருக்கிறதா என்று பாருங்கள். யாரும் நடாமல் அது அங்கே நின்றால், அது காட்டுச் செடிப் பதிவு. உங்கள் மரத்தைவிட அந்தக் கன்றின் படம் பத்து மடங்கு மதிப்புள்ளது. 1860-ல் தொடங்கி நம்மவர்கள் இங்கே வந்து இறங்கிய பிறகு நம்மோடு கூட வந்த செடிகள் எங்கெங்கே பரவின என்று பார்த்து எழுத நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்? பெயர் நமக்குத் தெரியும், ருசியும் தெரியும்.

பேரன் ராத்திரியில் டார்ச் அடித்துத் தோட்டத்தில் குட்டிப் பச்சோந்தியைக் கண்டுபிடித்தான். இடத்தோடு போட்டால் யாராவது வந்து பிடித்துக்கொண்டு போவார்களா?
— சில்வர்க்ளென் வாசகி, என் பக்கத்துத் தெரு

உங்கள் பேரனை நான் பார்க்க வேண்டும்! பெரியவர்களே பச்சோந்தி என்றால் ஓடுகிறார்கள், பையன் தேடிப்போய்ப் பார்த்திருக்கிறான். உங்கள் விவரத்தைப் பார்த்தால் அது பெரும்பாலும் கருந்தலைக் குள்ளப் பச்சோந்தி, குவாசுலு-நட்டால் கரையோரப் பகுதிக்கே உரியது. பகலில் கண்ணுக்குப் படாது. ராத்திரியில் புல் நுனியில் வாலை ஜிலேபி மாதிரி சுருட்டிக்கொண்டு தூங்கும். தூக்கத்தில் நிறம் வெளுத்துவிடுவதால் டார்ச் வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதத் துண்டு தொங்குவது போலத் தெரியும். கிளையை ஆட்ட வேண்டாம், தொட வேண்டாம். இரண்டு படம் எடுத்துவிட்டு விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பயம் நியாயமானது. பதிவில் இடத்தை 'மறைத்து' என்று வைக்கலாம். அப்போது பொதுவில் பார்ப்பவர்களுக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான சதுரத்துக்குள் எங்கோ ஒரு புள்ளிதான் தெரியும். ஆபத்தில் இருப்பதாகக் குறிக்கப்பட்ட பல இனங்களுக்கு அதுவே தானாக மறைத்துவிடும். வீட்டு விலாசம் வெளியே போகாமல் இருக்கவும் இது நல்லது.

சைகட் செடிகளுக்கு நான் இன்னும் கண்டிப்பு. பார்க்கப் பனை மாதிரி இருக்கும் அந்தப் பழம்பெரும் இனத்தைத் திருடி விற்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். 2014-ல் கேப் டவுனில் கிர்ஸ்டன்போஷ் தோட்டத்துக்குள்ளேயே நுழைந்து 20-க்கும் மேற்பட்ட செடிகளைத் தோண்டிக்கொண்டு போனார்கள். டர்பன் தாவரவியல் பூங்காவில் நிற்கும் என்செஃபலார்டோஸ் வுடி என்ற சைகட்டைப் போய்ப் பாருங்கள். 1895-ல் ஜான் மெட்லி வுட் ஙோயே காட்டில் ஒரே ஒரு ஆண் மரத்தைக் கண்டார். பெண் மரம் இன்றுவரை கிடைக்கவில்லை. உலகில் இருப்பதெல்லாம் அந்த ஒன்றின் பக்கக் கன்றுகள். காட்டில் சைகட் கண்டால் இடம் தெரியும் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவே போடாதீர்கள். பின்னால் தெரியும் மலைச்சரிவே போதும், திருடன் கண்டுபிடித்துவிடுவான்.

எனக்கு வயது 81. போன் எல்லாம் வராது. சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருப்பேன். நான் செய்ய ஏதாவது இருக்கிறதா?
— டோங்காட் வாசகர்

இருக்கிறது அய்யா. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் மவுண்ட் மோர்லண்ட் நாணல் படுகை இருக்கிறதல்லவா? ஐரோப்பாவிலிருந்து வரும் தகைவிலான் குருவிகள் கோடை முழுக்க லட்சக்கணக்கில் ராத்திரி தங்கி வந்ததற்குப் பேர்போன இடம். பக்கத்தில் 2010-ல் திறந்த விமான நிலையத்தில், அவை எழும்பும் நேரத்தைக் கவனிக்கவென்றே ரேடார் வைத்தார்கள். நீங்கள் வாசலில் உட்காரும் நேரத்தில்தான் அவை தலைக்கு மேல் போகும். முதுகு நீலக் கறுப்பு, தொண்டை செங்காவி, வால் இரண்டாகப் பிளந்து கம்பி போல நீண்டிருக்கும்.

ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். அக்டோபர் பிறந்ததும் ஒவ்வொரு சாயங்காலமும் தேதி போட்டு 'வந்தது' அல்லது 'வரவில்லை' என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். 'வரவில்லை' என்பதையும் விடாமல் எழுத வேண்டும், அதுதான் முதல் நாளைக் காட்டிக்கொடுக்கும். ஏப்ரலில் கடைசியாகப் பார்த்த நாள் வரைக்கும் அப்படியே. கரும்பு வெட்டிய காலத்தில் எந்த மாதம் வந்தன என்று உங்களுக்கு நினைவிருந்தால் அதை வேறு பக்கத்தில், 'நினைவிலிருந்து' என்று தலைப்புப் போட்டு எழுதுங்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். நோட்டைப் படம் பிடித்துப் பதிவேற்றுவதை நான் பார்த்துக்கொள்கிறேன். முதல் குருவி வந்த அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.