வயதுக் கணக்கில் பூஜ்ஜியம் வந்தால்

வணக்கம். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். 'தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 3 மடங்கு. 12 ஆண்டுகளுக்குப் பின் 2 மடங்காகும். இப்போதைய வயதுகள் என்ன?' என்ற கணக்கில், மகன் வயதை 'ம' என்று வைத்து 3ம + 12 = 2ம + 12 என எழுதினேன். ம = 0 வருகிறது. 'இருந்தபோது' என்று வரும் கணக்குகளோ சுத்தமாகப் புரியவில்லை.
க.

அன்புள்ள க.,

மகனுக்கும் 0, அப்பாவுக்கும் 0! விடை இவ்வளவு அபத்தமாக வந்தது நல்லதுதான். 8, 9 என்று வந்திருந்தால் டிக் அடித்துவிட்டுப் போயிருப்பீர்கள். பிழை வலப்பக்கத்தில். 2 மடங்கு என்பது மகனின் அன்றைய வயதுக்கு. அது ம + 12. நீங்கள் ம-வை மட்டும் இரட்டித்து 12-ஐ விட்டுவிட்டீர்கள்.

3ம + 12 = 2(ம + 12)
3ம + 12 = 2ம + 24
ம = 12

தந்தைக்கு 36. 12 ஆண்டு கழித்து 24, 48. சரி.

சமன்பாட்டுக்கு முன் ஒரு கட்டம் போடுங்கள். வரிசைக்கு ஒருவர், பத்திகள் 'இப்போது', '12 ஆண்டு கழித்து'. இரண்டாம் பத்தியில் எழுதும்போதே அடைப்புக்குறி போட்டுவிடுங்கள். 'மடங்கு' என்ற சொல்லை அதன் பிறகு தொட்டால் போதும்.

தேர்வறையில் இன்னொரு வழி. வயது வித்தியாசம் மாறாது. 3:1-இல் வித்தியாசம் 2 பங்கு, 2:1-இல் 1 பங்கு. எனவே 2:1-ஐ 4:2 ஆக்குங்கள். மகன் 1 பங்கிலிருந்து 2 பங்குக்குப் போகிறான். அந்த 1 பங்குதான் 12 ஆண்டு. சமப்படுத்த மறந்தால் மகன் அப்படியே நிற்க, அப்பா 3-இலிருந்து 2-க்கு இளைத்துவிடுவார்.

'இருந்தபோது' கணக்குக்கு ஒன்று: அக்காவுக்கு வயது 24. தங்கையின் இப்போதைய வயது அக்காவுக்கு இருந்தபோது தங்கைக்கு என்ன வயதோ, அதைப் போல் 2 மடங்கு அக்காவின் இந்த 24. தங்கைக்கு இப்போது என்ன வயது?

இதில் தங்கையின் வயதைவிட வித்தியாசத்தை 'வ' என்று வைப்பது சுலபம். தங்கைக்கு இப்போது 24 − வ. வ ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்கு அதே 24 − வ, தங்கைக்கு 24 − 2வ. பலரும் இங்கே அக்காவின் வயதைக் குறைத்துவிட்டுத் தங்கையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். காலம் இருவருக்கும்தான் பின்னால் போகிறது.

24 = 2(24 − 2வ)
4வ = 24
வ = 6

தங்கைக்கு 18. 6 ஆண்டுகளுக்கு முன் அக்காவுக்கு 18, தங்கைக்கு 12.