இரட்டை நட்சத்திரத்தில் ஒளிந்திருப்பது கருந்துளையா, நியூட்ரான் நட்சத்திரமா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கேள்வியோடு ஒரு சந்தேகத்தையும் எழுதியிருந்தீர்கள்: "கருந்துளையிலிருந்து ஒளியே வராது, நியூட்ரான் நட்சத்திரம் ஒரு ஊர் அளவுதான். பிறகு எதைப் பார்த்து இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்? எல்லாம் கணினியில் வரைந்த படம்தானே?"

படங்களைப் பற்றிச் சொன்னது சரிதான். நீல நட்சத்திரத்திலிருந்து வாயு சுழன்று ஒரு கரிய குழிக்குள் பாய்கிற அந்தப் படங்கள் அத்தனையும் ஓவியரின் கைவண்ணம். எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் நடுவிலும் நம் பால்வீதியின் நடுவிலும் உள்ள ராட்சதக் கருந்துளைகளின் நிழலை ரேடியோ தொலைநோக்கிகளால் எடுத்து 2019-லும் 2022-லும் வெளியிட்டார்கள். அவை உண்மையான படங்கள். ஆனால் இரட்டை நட்சத்திரங்களில் (ஒன்றையொன்று சுற்றும் ஜோடிகளில்) இருக்கும் கருந்துளை சூரியனைப்போல் பத்திருபது மடங்கு நிறை கொண்டதுதான். குறுக்களவு ஐம்பது, நூறு கிலோமீட்டர் தேறும். பல ஆயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் அதைப் படம் பிடிக்க இன்று எந்தக் கருவியும் இல்லை. எனவே எடை போடுகிறார்கள். நான் தொழில்முறை வானியலாளன் அல்ல, இயற்பியல் படித்துவிட்டு வேறு வேலை பார்க்கும் ஆர்வலன். இந்தத் துறையில் என்னை அசர வைத்தது அந்த எடை போடும் வித்தைதான்.

அதற்கு முன் எங்கே தேடுவது என்று தெரிய வேண்டும். அதைக் காட்டிக்கொடுப்பது எக்ஸ் கதிர். துணை நட்சத்திரத்தின் வாயு நேராக விழாமல், சுற்றிச் சுற்றி ஒரு வட்டாகப் படிந்து, உரசலில் கோடிக்கணக்கான டிகிரி வரை சூடாகிறது. ஹைட்ரஜன் அணுக்கரு இணைந்து ஹீலியமாகும்போது அதன் நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகும். நியூட்ரான் நட்சத்திரத்தில் (பெரிய நட்சத்திரம் வெடித்தபின் எஞ்சும் அடர்ந்த கருவில்) விழும் பொருள் 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்கும். பூமியின் காற்று எக்ஸ் கதிரை முழுக்க விழுங்கிவிடுவதால் மேலே போய்த்தான் பார்க்க வேண்டும். 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு, நிலவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்க்க நியூ மெக்சிகோவிலிருந்து ஒரு ராக்கெட்டை அனுப்பியது. சில நிமிடப் பறப்பில் அகப்பட்டது நிலவு அல்ல, விருச்சிகப் பக்கத்தில் ஒரு பேரொளி. அதுதான் ஸ்கார்பியஸ் எக்ஸ்-1. பிறகு 1970 டிசம்பரில் கென்யக் கடற்கரையை ஒட்டிய மேடையிலிருந்து கிளம்பிய உஹுரு செயற்கைக்கோள் எக்ஸ் கதிர் மூலங்களை நூற்றுக்கணக்கில் பட்டியலிட்டது.

உஹுரு பார்த்தவற்றில் எளிதான கேஸ் சென்டாரஸ் எக்ஸ்-3. அதிலிருந்து 4.8 நொடிக்கு ஒருமுறை துடிப்பு வந்தது. அந்த இடைவெளி 2.1 நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் நீண்டு கொஞ்சம் சுருங்கியது. அதே கணக்கில் எக்ஸ் கதிர் அரை நாள் காணாமல் போய்த் திரும்ப வந்தது. துடிக்கும் பொருள் ஒரு பெரிய நட்சத்திரத்தைச் சுற்றிவருகிறது, அதன் பின்னால் மறைகிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? காந்தப்புலம் வாயுவைத் துருவங்களில் கொட்ட, அந்தச் சூடான பகுதி சுழன்று நம் பக்கம் வரும்போதெல்லாம் ஒரு துடிப்பு. திடமான மேற்பரப்பு இருந்தால்தான் இது நடக்கும். ஆக, சீரான துடிப்பு வந்துவிட்டால் வழக்கு முடிந்தது: நியூட்ரான் நட்சத்திரம்.

துடிப்பு வராவிட்டால்தான் தலைவலி. துடிக்காத நியூட்ரான் நட்சத்திரங்களும் ஏராளம். அங்கேதான் எடை தேவைப்படுகிறது.

சிக்னஸ் (அன்னம்) விண்மீன் கூட்டத்தில் உள்ள சிக்னஸ் எக்ஸ்-1 கதையைக் கேட்டிருப்பீர்கள். 1971-ல் அதே இடத்தில் ரேடியோ ஒளிர்வு தெரிந்ததால் துல்லியமான இடம் கிடைத்தது. எச்டிஇ 226868 என்ற நீலப் பெருநட்சத்திரம் அங்கே இருந்தது. இங்கிலாந்தில் லூயிஸ் வெப்ஸ்டரும் பால் மர்டினும், டொரன்டோவில் டாம் போல்டனும் தனித்தனியே அதன் நிறமாலைக் கோடுகள் 5.6 நாளுக்கு ஒருமுறை நீலப்பக்கமும் சிவப்புப்பக்கமும் நகர்வதைக் கண்டார்கள். அதாவது நட்சத்திரம் நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அந்த நட்சத்திரத்தை நொடிக்கு 75 கிலோமீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது. முதல் கருந்துளை என்று பேர் வாங்கியது இதுதான்.

ஆனால் என் கருத்தில் இது அவ்வளவு கறாரான ஆதாரம் அல்ல. துணை நட்சத்திரம் மிகப் பெரியது; அதன் நிறையை எவ்வளவு என்று வைக்கிறோமோ அதைப் பொறுத்தே கருந்துளையின் நிறையும் வரும். 2011 வாக்கில் தூரம் 6,000 ஒளியாண்டு, கருந்துளை 15 சூரிய நிறை என்றார்கள். 2021-ல் தூரத்தைத் திருத்தி அளந்து 7,200 ஒளியாண்டு என்றதும் நிறையும் 21-க்கு ஏறிவிட்டது. 1974-ல் ஸ்டீபன் ஹாக்கிங் இது கருந்துளை இல்லை என்று சக இயற்பியலாளர் கிப் தோர்னிடம் பந்தயம் கட்டி, 1990-ல்தான் தோல்வியை ஒப்புக்கொண்டார். (கருந்துளையே இல்லை என்றாகிவிட்டால் பந்தயமாவது மிஞ்சட்டும் என்ற முன்ஜாக்கிரதையாம்!)

கறாரான கேஸ் வேண்டுமென்றால் அதே சிக்னஸில் உள்ள இன்னொரு இரட்டையான வி404 சிக்னியைப் பாருங்கள். 1938-ல் நோவா (திடீரெனப் பிரகாசமாகும் நட்சத்திரம்) என்று பதிவானது. 1989-ல் ஜப்பானின் கிங்கா செயற்கைக்கோள் அதை எக்ஸ் கதிரில் மீண்டும் பிடித்தது. வெடிப்பு அடங்கிய பிறகு வட்டின் ஒளி குறைந்து துணை நட்சத்திரம் தெரிய ஆரம்பித்தது. சூரியனைவிடச் சற்றுக் குளிர்ந்த, எளிய நட்சத்திரம். ஹோர்ஹே கசாரஸ் குழுவினர் அதன் நிறமாலையைத் தொடர்ந்து எடுத்து, 1992-ல் முடிவை வெளியிட்டார்கள்: சுற்றுக் காலம் 6.47 நாள், ஆட்டத்தின் வேகம் (பின்னர் துல்லியமாக்கிய அளவில்) நொடிக்கு சுமார் 208 கிலோமீட்டர்.

இந்த இரண்டு எண் போதும். கைபேசிக் கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 208-ஐ மும்மடியாக்கினால் 90 லட்சம். அதை 6.47-ஆல் பெருக்கி 96.5 லட்சத்தால் வகுக்கவும். (நாள், கிலோமீட்டர் கணக்கைச் சூரிய நிறைக்கு மாற்றும் எண் அது, கெப்ளர் விதியும் ஈர்ப்பு மாறிலியும் அதற்குள் அடக்கம்.) 6-க்குச் சற்று மேல் வரும். இதன் பொருள், கண்ணுக்குத் தெரியாத பொருளின் நிறை 6 சூரியனுக்குக் குறையவே முடியாது. துணை நட்சத்திரத்துக்கு நிறையே இல்லை, சுற்றுப்பாதையைச் சரியாகப் பக்கவாட்டில் பார்க்கிறோம் என்று வைத்துக்கொண்டால் கிடைக்கும் அடிமட்டக் கணக்கு அது. உண்மையில் துணைக்கும் நிறை உண்டு, பாதையும் சாய்ந்திருக்கும்; இரண்டுமே விடையைக் கூட்டத்தான் செய்யும். சாய்வையும் கணக்கில் சேர்த்தால் 9 சூரிய நிறை வருகிறது.

நியூட்ரான் நட்சத்திரமோ 2 சூரிய நிறைக்குச் சற்று மேல் தாங்காது. எவ்வளவு தாராளமாக வைத்தாலும் 3-ஐத் தாண்டாது. 6 என்றால் கருந்துளையைத் தவிர வேறு பேர் வைக்க வழியில்லை. தூரம் எவ்வளவு என்றுகூட இந்தக் கணக்குக் கேட்கவில்லை பாருங்கள்!

எடை தவிர இன்னொரு வழியும் உண்டு: மேற்பரப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. கிணற்றில் கல்லைப் போட்டால் அடியில் பட்டுச் சத்தம் வரும். அடியே இல்லாத கிணறாக இருந்தால் வராது. நியூட்ரான் நட்சத்திரத்தில் விழுந்த ஹைட்ரஜனும் ஹீலியமும் மேற்பரப்பில் மணிக்கணக்கில் சேர்ந்து, ஒரு கட்டத்தில் மொத்தமாக அணுக்கரு வெடிப்பாக எரியும். எக்ஸ் கதிர் ஓரிரு நொடியில் எகிறி, அரை நிமிடம் ஒரு நிமிடத்தில் அடங்கும். 1975-ல் முதலில் கவனித்தார்கள். அதற்குப்பின் ஆயிரக்கணக்கில் பார்த்தாகிவிட்டது. எடை போட்டுக் கருந்துளை என்று தீர்மானித்த எதிலும் இப்படி ஒரு வெடிப்பு வந்ததில்லை.

வெடிப்பு இல்லாத அமைதிக் காலத்திலும் வித்தியாசம் தெரியும். ரமேஷ் நாராயண் (சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், புரத ஆராய்ச்சியில் பேர்பெற்ற ஜி.என். ராமச்சந்திரனின் மகன்) தன் சகாக்களுடன் 1990-களில் ஒரு வாதம் வைத்தார்: மேற்பரப்பு இருந்தால் விழும் பொருளின் வெப்பம் எப்படியும் வெளியே வந்துதான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் வெப்பமும் சேர்ந்து உள்ளே போய்விடும். சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி வந்த பிறகு ஒப்பிட்டபோது, அமைதிக் காலத்தில் கருந்துளை இரட்டைகள் நியூட்ரான் இரட்டைகளைவிட ஏறக்குறைய 100 மடங்கு மங்கலாக இருந்தன. இது முழு நிரூபணம் ஆகாது என்று வாதிட்டவர்களும் உண்டு, அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எடையைப்போல் இது நேரடிக் கணக்கு அல்ல.

இந்தியாவின் பங்கைக் கேட்பவர்களுக்கு: 2015-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஆஸ்ட்ரோசாட் இந்த வேலைக்கென்றே செய்தது மாதிரி. நொடியின் லட்சத்தில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்க்கும் எக்ஸ் கதிர்க் கருவி அதில் உண்டு. ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளை இரட்டையில் நொடிக்கு 70 தடவை அளவில் வரும் மினுக்கத்தை அதில் அளந்திருக்கிறார்கள். கருந்துளையின் விளிம்பருகே என்ன நடக்கிறது என்று ஊகிக்க இந்த மினுக்கம் உதவுகிறது.

எக்ஸ் கதிரே இல்லாமல் பிடிபட்டவையும் உண்டு. கையா விண்கலத்தின் அளவீடுகளை வைத்து 2022-ல் அறிவித்த கையா பிஎச்1, சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்தோடு 186 நாளுக்கு ஒருமுறை சுற்றும் 9.6 சூரிய நிறைக் கருந்துளை. தூரம் 1,560 ஒளியாண்டு. வாயு எதுவும் விழுவதில்லை, ஆகவே எக்ஸ் கதிரும் இல்லை. நட்சத்திரம் வானத்தில் தள்ளாடுவதை வைத்தே கண்டுபிடித்தார்கள்.

கடைசியாக, நீங்களே பார்க்க முடியுமா? சிக்னஸ் எக்ஸ்-1-ன் துணை நட்சத்திரத்தைப் பார்க்கலாம். மேக்னிட்யூட் (பிரகாச அளவு, எண் கூடினால் மங்கல்) 9 அளவுதான். செப்டம்பர் கடைசியில் இரவு 8 மணிவாக்கில் தமிழ்நாட்டிலிருந்து வடக்கே நல்ல உயரத்தில் சிக்னஸ் நிற்கும். அதன் கழுத்தில் உள்ள ஈட்டா சிக்னியிலிருந்து அரை டிகிரி, அதாவது முழுநிலவின் அகலம் நகர்ந்தால் போதும். ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் பெரிய பைனாகுலரே காட்டும். நீல நட்சத்திரம் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். வழியில் உள்ள தூசி நிறத்தை மாற்றிவிடும். ஸ்டாண்டில் கேமரா மாட்டி, பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுச் சில மாதம் ஒளியை அளந்தால், 5.6 நாளுக்கு இரண்டு மேடாகச் சில சதவீத ஏற்ற இறக்கம் தெரியும். கருந்துளையின் இழுப்பில் அந்த நட்சத்திரம் முட்டை வடிவில் நீண்டிருக்கிறது, நமக்குச் சில நாள் அதன் பக்கவாட்டும் சில நாள் முனையும் தெரிகிறது. பாதையின் சாய்வைக் கணிக்க வானியலாளர்கள் பார்ப்பதும் இதே வளைகோட்டைத்தான்.