எலும்பு படிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு எம்பிபிஎஸ் எதற்கு?

சார், நீட் இரண்டாவது முறையும் கைகொடுக்கவில்லை, நிலத்தை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்பிபிஎஸ் சேர்த்துவிடச் சொல்லி பெரியப்பாவும் மாமாவும் நெருக்குகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கவலை புரிகிறது. ஆனால் வருடத்துக்கு 20 லட்சத்துக்கு மேல் போகும் ஃபீஸை அவர்கள் கட்டப்போவதில்லை. உங்கள் மகள் எம்பிபிஎஸ் கேட்கவும் இல்லை. கீழடிக்குப் போய்வந்ததிலிருந்து, பக்கத்துக் கொந்தகையில் கிடைத்த ஈமத்தாழிகளில் புதைக்கப்பட்டிருந்தவர்கள் எந்த வயதில் செத்தார்கள், அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்றே கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். அதைப் பைத்தியம் என்று வேறு எழுதுகிறீர்கள்.

அதற்குப் படிப்பு இருக்கிறது, சார், மனிதர்களைப் பற்றிப் படிக்கும் மானிடவியலில் அதுவும் ஒரு பகுதி. ஓர் உதாரணம் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தில் இனாம்காவ் என்று ஓர் ஊர், சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் எழுத்தறியாத உழவர்கள் வாழ்ந்த இடம். புனே டெக்கான் கல்லூரிக்காரர்கள் தோண்டியபோது 200-க்கும் மேற்பட்ட புதைப்புகள் கிடைத்தன, பெரும்பாலும் குழந்தைகள், இரண்டு பானைகளை வாயோடு வாய் சேர்த்து வீட்டுத் தரைக்கு அடியிலேயே வைத்திருக்கிறார்கள். குழந்தையின் வயதைப் பல் வளர்ச்சி நன்றாகவே காட்டிவிடும். பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு மூட்டின் தேய்மானத்தைப் பார்ப்பார்கள், ஐம்பதைத் தாண்டினால் அதுவும் தடுமாறும். சரி, குழந்தை எலும்பு நிறைய கிடைத்தால் குழந்தைச் சாவு அதிகம் என்றுதானே தோன்றும்? அப்படிச் சொல்லிவிட முடியாது. பிறப்பு விகிதம் கூடினாலே ஊரில் குழந்தைகளின் பங்கு பெருகும், புதைகுழியிலும் பெருகும். இதைப் பிரித்துப் பார்க்கப் புள்ளியியல் தெரிந்தாக வேண்டும், எலும்பு மட்டும் தெரிந்தால் போதாது.

அதனால் அரசுக் கல்லூரியில் புள்ளியியலோ விலங்கியலோ சேருங்கள். அப்புறம் சென்னைப் பல்கலைக்கழகத்திலோ புதுச்சேரியிலோ முதுகலை மானிடவியல். கணக்குதான் பிடிக்கிறது என்றால் மும்பையில் மக்கள்தொகை படிப்புக்கென்றே மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் ஆய்வு செய்யும்போதே மாதம் 37,000 ரூபாய்.

வேலை கொட்டிக் கிடக்கிறது என்று சொல்ல மாட்டேன். இந்திய மானிடவியல் ஆய்வகம், சில பல்கலைக்கழகங்கள், அவ்வளவுதான். ஆனால் புள்ளியியல் கையில் இருந்தால் பொது சுகாதாரக் கணக்கெடுப்பு வேலைகளுக்கும் அவளால் போக முடியும்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். லண்டனில் இதே படிப்பு, லோன் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஏஜென்ட் யாராவது வருவார், கடன் வாங்கி முதுகலைக்கு அனுப்பவே கூடாது. பிஎச்டிக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் தாராளமாகப் போகட்டும், அதுவரை சென்னை, புதுச்சேரி, மும்பையே போதும்.